எதிரே வருபவனுக்கு ஒரு தலையசைப்பு

தெருவிலே எதிரே வருகின்ற, முன்பின் அறியாத ஒருவனுக்கு வணக்கம் தெரிவிக்கும் வழக்கம் நம்மிடையே இல்லை. அறிந்தவனைக் கண்டால், "எங்கை பயணம்?" என்று கேட்போம். பெரியவர் ஒருவரைக் கண்டால் சைக்கிளின் வேகத்தைச் சற்றுத் தணிப்போம். அதிகாரியைக் கண்டால் இல்லாத புன்னகையையும் எங்கிருந்தோ வரவழைத்துக்கொள்வோம். அறியாதவன் மட்டும் நம் கண்ணுக்குத் தந்திக் கம்பமும் மைல்கல்லும் போன்றவனே. அவனும் நம்மை அவ்வாறே கருதிக் கடந்து போகின்றான். இதில் எவருக்கும் நட்டமில்லை என்றே நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

பாரிசிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கையின் மகன் ஒருநாள் மாலை விறாந்தையிலிருந்து கதைத்துக்கொண்டிருந்தபோது சொன்ன ஒரு செய்திதான் இக்கட்டுரைக்குக் காரணம். அவன் அங்கே மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வருபவன். "கார்க்காரன் வழிவிட்டால் நாங்கள் காலை நீட்டித்தான் நன்றி சொல்லுறது, மாமா" என்றான். "காலையோ!" என்று அவன் தாய் வாயிலே கை வைத்தாள். வீட்டிலிருந்தோர் எல்லாரும் சிரித்தனர். நான் மட்டும் சிரிக்கவில்லை. ஐம்பது ஆண்டுகளாக மனத்தின் அடியிலே கிடந்த ஒரு தலையசைப்பு எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது. அதனைப் பின்னர் சொல்வேன்.

மேல்நாட்டுத் தெருக்களில் மோட்டார் சைக்கிளில் செல்லும் இருவர் எதிர்ப்படுவாராயின், ஒருவரையொருவர் அறியாராயினும், ஏதேனும் ஒரு சைகையினால் வணக்கம் தெரிவித்துச் செல்வது வழக்கம். சைகை நாட்டுக்கு நாடு வேறுபடும். அவ்வேறுபாட்டை நாகரிக வேறுபாடு என்று எண்ணிவிடலாகாது. அது இயந்திரத்தின் அமைப்பினால் வந்தது. மோட்டார் சைக்கிளின் வேகம் முழுவதும் ஓட்டுபவனின் வலக்கைப் பிடியிலே இருக்கின்றது. பிடியைத் திருகினால் விரையும், விட்டால் தணியும். முன்சில்லின் பிறேக்கும் அக்கைக்கே உரியது. ஆகவே ஓட்டத்தின் நடுவே வலக்கையை எடுத்தல் எளிதன்று. இடக்கைக்கோ கிளச்சு ஒன்றுதான் வேலை. பிரான்சிலும் அமெரிக்காவிலும் வண்டிகள் தெருவின் வலப்புறமாகச் செல்வதனால், எதிரே வருபவன் இடப்பக்கத்திலே வருகின்றான்; ஓய்ந்திருக்கும் இடக்கை அவனுக்கு நேராக அமைந்துவிடுகின்றது. அமெரிக்கன் அக்கையைத் தொடையளவிற்குத் தாழ்த்தி இரண்டு விரல்களை நிலம் நோக்கி நீட்டுவான். 'உன் இரண்டு சில்லுகளும் தரையிலேயே இருக்கட்டும்' என்பது அதன் பொருள் என்று சொல்லிக்கொள்வார்கள். பிரெஞ்சுக்காரன் அவ்விரண்டு விரல்களையும் மேல்நோக்கி விரித்துக் காட்டுவான். ஆனால் அவன் கார்களை முந்திச் செல்லும்போது, வழிவிட்ட கார் அவனுக்கு வலப்புறத்தில் நிற்கும். வலக்கையை எடுக்க முடியாது. எஞ்சியிருப்பது வலக்கால். அதனை நீட்டுகின்றான். இதுவே என் மருமகன் சொன்ன நன்றியறிதலின் இரகசியம்.

இங்கிலாந்திலே, நம் நாட்டிற் போலவே, வண்டிகள் இடப்புறமாகச் செல்கின்றன. எதிரே வருபவன் வலப்பக்கத்தில் வருவான்; அப்பக்கத்துக் கையோ வேலையிலிருக்கும். ஆகவே ஆங்கிலேயன் தலையை மட்டும் வலப்புறமாகச் சிறிது சாய்த்து அசைப்பான். அவ்வளவுதான். கவனியாதவன் அதனைத் தெருவின் பள்ளத்தினால் உண்டான குலுக்கம் என்றே கருதிவிடுவான்.

பிரெஞ்சுக்காரரின் இரு விரல்களைப் பற்றி ஒரு கதை உண்டு. பாரி ஷீன் என்னும் ஆங்கில ஓட்டப் பந்தய வீரர் 1976ஆம், 1977ஆம் ஆண்டுகளில் உலக வெற்றியாளராக விளங்கியவர். 1979இல் சில்வர்ஸ்ரோன் பந்தயத்தில், பின்னே வந்துகொண்டிருந்த அமெரிக்க வீரர் கென்னி றொபேட்ஸுக்கு முதுகுப்புறமாக இரண்டு விரல்களைக் காட்டினார். ஆங்கிலேயரிடையே அது கடும் வசை. (இறுதியில் றொபேட்ஸே ஒரு நொடியின் நூற்றில் மூன்று பங்கு வேறுபாட்டினால் வென்றார் என்பது வேறு கதை.) ஷீனுடைய இத்தகைய விரல்களைக் கண்ட பிரெஞ்சு இளைஞர் அதனை வெற்றிக்குறி என்று கொண்டு தமக்கு வணக்கமாக ஆக்கிக்கொண்டனராம். மெய்யோ பொய்யோ, வசையைக்கூட வணக்கமாக எடுத்துக்கொள்ளும் மனம் இருந்தால் அது நல்ல மனம் என்றே நான் சொல்வேன்.

இவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது? முதல் மோட்டார் சைக்கிளைக் கண்டவர் இன்னாரென்று சொல்வோரும், முதற் கையசைப்பைச் செய்தவர் இன்னாரென்று சொல்வோரும் உளர். அவற்றை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தொடக்ககாலத்து மோட்டார் சைக்கிளின் இயல்பை அறிந்தவனுக்கு இதற்குச் சரித்திரச் சான்று வேண்டியதில்லை. அது ஓடுவதினும் நிற்பது மிகுதி. வார் அறும்; எண்ணெய் ஒழுகும்; ரயர் வெடிக்கும்; மழைபட்டால் பொறி தோன்றாது. பத்து மைலுக்கு ஒரு கொல்லன் பட்டறை இருந்தால் அது பெரும் பேறு. அத்தகைய தெருவில் தன்னைப் போன்ற இன்னொருவனைக் காண்பது, கடலிலே போகிறவன் இன்னொரு பாயைக் காண்பதை ஒக்கும். நான் ஓடிக்கொண்டிருக்கிறேன், நீயும் ஓடிக்கொண்டிருக்கிறாய், நல்லது என்பதே அக்குறிப்பு. இன்றும் ஒருவன் வண்டியை நிறுத்தித் தலைக்கவசத்தைக் கழற்றித் தெருவோரத் தரையிலே வைத்திருந்தால், 'எனக்கு உதவி வேண்டும்' என்று பொருள் கொண்டு மற்றவன் நிற்பதுண்டு.

இயந்திரங்கள் திருந்திவிட்டன. ஆயினும் அபாயம் திருந்தவில்லை. பிரித்தானியாவில் தெருப் போக்குவரத்து முழுவதிலும் மோட்டார் சைக்கிளின் பங்கு நூற்றுக்கு ஒன்றளவே; தெருவில் மாள்பவருள்ளோ ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் சென்றவர். அரேபியாவின் லோறன்ஸ் என்று உலகம் அறிந்த ரி. ஈ. லோறன்ஸ், பாலைவனத்துப் போரிலே சாகாதவர், 1935ஆம் ஆண்டு மே மாதம் 13ஆந் திகதி டோர்செற்றில் தம் வீட்டுக்கு அண்மையிலே, சைக்கிளில் வந்த இரு சிறுவரை விலக்கப்போய்த் தூக்கியெறியப்பட்டு ஆறாம் நாள் இறந்தார். தலையிலே கவசம் இருக்கவில்லை. அவரைப் பார்த்த வைத்தியர்களுள் ஒருவரான ஹியூ கேர்ன்ஸ் என்னும் மூளைச் சத்திரவைத்தியர் அச்சாவை மறக்கவில்லை. தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் அவர் எழுதிய கட்டுரையின் பயனாகப் பிரித்தானிய இராணுவத்தின் மோட்டார் சைக்கிள் வீரருக்குத் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. பொதுமக்களுக்கு அது கட்டாயமானது 1973இல்.

இதனை இங்கே சொல்வதற்குக் காரணமுண்டு. 1960களின் பிற்பகுதியிலே முகம் முழுவதையும் மூடும் கவசமும் சந்தைக்கு வந்துவிட்டது. அதன்பின் எதிரே வருபவனின் முகம் தெரிவதில்லை. நிறம் தெரியாது, வயது தெரியாது, ஆணோ பெண்ணோ என்பதும் பல வேளைகளிலே தெரியாது. முகம் மறைந்தால் வணக்கமும் மறைந்திருக்க வேண்டும் அல்லவா? மறையவில்லை. முகம் தெரியாமலே செலுத்தப்படும் வணக்கம் உலகத்தில் வேறு எங்கே இருக்கின்றது?

தெருவிலே வணக்கம் என்றால் எல்லாம் ஒன்று அல்ல. இங்கிலாந்திலேயே வேறு ஒரு வணக்கம் இருந்தது. மோட்டார்க்காரர் சங்கம் என்று ஒன்று 1905இல் இலண்டனிலே தோன்றியது. மணிக்கு இருபது மைலுக்கு மேல் ஓடலாகாது என்பது அக்காலத்துச் சட்டம். பொலிசார் வேலிக்குப் பின்னால் மறைந்திருந்து வேகத்தைக் கணக்கிட்டுப் பிடிப்பர். இதனை முன்கூட்டி அறிவிப்பதற்காகச் சங்கம் சைக்கிளில் ஆட்களை அமர்த்தியது. சங்கத்தின் சின்னம் பொருத்திய காரைக் கண்டால் அவர்கள் கையுயர்த்தி வணங்குவர். முன்னே பொலிசார் இருப்பதைச் சொல்லி எச்சரித்தல் கடமைக்கு இடையூறு செய்தலாகும் என்று 1910இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கம் என்ன செய்தது தெரியுமா? எச்சரிக்கையை நிறுத்திவிட்டு, வணக்கத்தை நிறுத்துவதையே எச்சரிக்கை ஆக்கிக்கொண்டது! காவலாள் வணங்கவில்லையாயின் நின்று காரணத்தை வினவுக என்று அங்கத்தவர்க்கு அறிவிக்கப்பட்டது. வணங்காமைக்காக ஒருவனைத் தண்டிக்க எந்த நீதிபதியால் முடியும்? பின்னாளில் அக்காவலாட்களே மோட்டார் சைக்கிளில் ஏறினர். ஓடிக்கொண்டே கையை எடுத்து வணங்குதல், வண்டிகள் பெருகிய தெருவிலே ஆபத்தாகிவிட, 1960களின் தொடக்கத்தில் அவ்வழக்கம் கைவிடப்பட்டது.

கெட்டிக்காரத்தனத்தை மெச்சலாம். ஆனால் அது சந்தா கட்டியவனுடைய சின்னத்துக்குச் சம்பளம் வாங்குபவன் இட்ட வணக்கம். காரிலே இருந்தவன் கையுயர்த்தினானா இல்லையா என்று எவரும் கணக்கு வைக்கவில்லை.

நம் தெருக்களிலும் வணக்கம் இருந்தது. நான் சிறுவனாயிருந்தபோது பாட்டனார் வீட்டுப் படலையடியில் விளையாடிக்கொண்டிருப்பேன். தெருவின் கோடியிலே ஒருவர் சைக்கிளில் வருவார். எங்கள் வேலி தொடங்கும் இடத்திலே இறங்குவார். தோளிலுள்ள துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்குவார். செருப்பைக் கழற்றிக் கையிலெடுப்பார். சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் வேலி முடியும்வரை நடந்து, முடிந்த இடத்தில் மறுபடி ஏறிக்கொள்வார். பாட்டனார் திண்ணையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் இறங்குவார். அதாவது அவர் வணங்கியது மனிதரை அன்று, வேலியை. எனக்கு அப்போது ஆறோ ஏழோ வயது. அவருடைய சைக்கிளில் ஏதோ பழுது போலும் என்றே நான் நெடுநாள் நினைத்திருந்தேன். கோயிலிலும் தேநீர்க் கடையிலும் சாதி காரணமாக ஒருவரைத் தடுத்தலைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் வந்தது. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. எங்கள் வேலியோரத்தில் அவர் எந்த ஆண்டில் இறங்காமற் போகத் தொடங்கினார் என்பதை நான் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

காலம் தன் கணக்கைத் தீர்க்கும் விதம் விசித்திரமானது. போர்க்காலத்தில் காவலரண்களைக் கடக்கும்போது சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்த எல்லாரும் இறங்கி உருட்டிச் சென்றோம். நானும் இறங்கினேன். எங்கள் வேலியோரம் இறங்கியவரின் பிள்ளைகளும் இறங்கினார்கள். அந்த வரிசையிலே தலைக்கவசத்தைக் கையிலெடுத்துக்கொண்டு நின்ற நாட்களில்தான், இறங்கி நடப்பது என்றால் என்ன என்பது என் கால்களுக்கு விளங்கிற்று.

இனி, அந்தத் தலையசைப்பு. 1976ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள ஒரு நகரிலே படித்துக்கொண்டிருந்தேன். பஸ் கட்டணத்தை மிச்சம் பிடிப்பதற்காகப் பழைய ஹொண்டா ஐம்பது ஒன்றை வாங்கியிருந்தேன். கற்றுக்கொள்பவன் என்பதைக் காட்டும் சிவப்பெழுத்துப் பலகை முன்னும் பின்னும் தொங்கும். அவ்வாண்டுகளில் ஆங்கிலேயரின் மோட்டார் சைக்கிள் தொழில் யப்பானியப் போட்டியினால் நொறுங்கிக்கொண்டிருந்தது. பேர்மிங்காமுக்கு அண்மையிலே மெரிடன் என்னும் ஊரில், மூடப்படவிருந்த ட்ரையம்ப் தொழிற்சாலையைத் தொழிலாளரே கைப்பற்றிக் கூட்டுறவாக நடத்திக்கொண்டிருந்தனர். அந்தப் பகுதியில் யப்பானிய வண்டியில், அதுவும் மாணவன் பலகையுடன், கறுத்த முகத்தோடு செல்வதென்றால் மூன்று குற்றங்களையும் ஒருங்கே செய்தவனாவேன். முகம் தெரியும் கவசமே அப்போது என்னிடம் இருந்தது.

கார்த்திகை மாதத்து மழையிலே ஒருநாள் மாலை எதிரே ஒரு பெரிய ட்ரையம்ப் வந்தது. அதிலிருந்தவன் ஆறடி உயரத்தில், கறுப்புத் தோலாடையில், மலைபோல் இருந்தான். என்னைக் கடக்கும்போது அவன் தலை வலப்புறமாகச் சாய்ந்து அசைந்தது. நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன், இவன் யாருக்குத் தலையசைக்கின்றான் என்று. பின்னால் ஒருவரும் இல்லை. அடுத்த வினாடி வண்டி நடைபாதைக் கல்லில் முட்டி, நான் விழத் தெரிந்து பிழைத்தேன்.

அறைக்குப் போய் ஈரச் சப்பாத்தைக் கழற்றும்போதும் அதனையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்நாட்டுக்கு வந்து ஒன்றரை ஆண்டாகியிருந்தது. என்னோடு இன்சொல் பேசியவர் பலர். எல்லாரும் ஏதோ ஒரு கடமையினால் பேசியவர்கள். வசை சொன்னவரும் சிலர். எந்தக் கடமையும் இல்லாமல், என்னிடம் எதையும் வேண்டாமல், என்னை இன்னாரென்று கேளாமல் வணங்கியவன் அவன் ஒருவனே. அவனுக்கு நான் தலையசைத்துப் பதில் சொல்லவுமில்லை. திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

மறுநாள் என்னோடு படித்த ஆங்கில நண்பனிடம் இதனைச் சொன்னபோது அவன் நம்பவில்லை. "ஹொண்டா ஐம்பதுக்கு அவர்கள் தலையசைக்கமாட்டார்களே" என்றான். ஆம், அங்கும் அது உண்டு. 1964இல் கிளாக்ரன், மார்கேற், பிறைற்றன் ஆகிய கடற்கரை ஊர்களிலே, ஸ்கூட்டரில் வந்த இளைஞரும் பெரிய மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞரும் மோதிக்கொண்டதைப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. ஹொண்டாவின் சிறிய வண்டி 1958இல் பிறந்து, 2017இல் பத்துக் கோடி என்னும் எண்ணிக்கையை எட்டிய வண்டி. உலகத்திலே அதனினும் மிகுதியாக மனிதரைச் சுமந்த மோட்டார் வண்டி வேறு இல்லையெனலாம். ஆயினும் அது மோட்டார் சைக்கிளே அன்று என்று சொல்பவர் இன்றும் உளர். இலண்டனிலும் பாரிசிலும் இரவு பகலாக மழையிலே உணவுப் பொதிகளைச் சுமந்து ஓடும் சிறுவண்டிக்காரர் பலர் நம்மைப் போலப் பிற நாடுகளிலிருந்து சென்றவர்கள். ஞாயிற்றுக்கிழமை வெயிலிலே விலையுயர்ந்த வண்டியைக் காற்றாட ஓட்டிச் செல்கின்ற கனவான் தன் போன்ற கனவானுக்குக் கை அசைக்கின்றான். பொதி சுமப்பவன் எதிர்ப்பட்டால் கை பிடியை விட்டு எழுவதில்லை. "நீங்கள் கை காட்டுவியளோ?" என்று என் மருமகனைக் கேட்டேன். அவன் சிறிது யோசித்து, "சாப்பாட்டுப் பெட்டிக்காரருக்கோ? இல்லை மாமா, அது... அவையள் எங்களைப் பாக்கமாட்டினம்" என்றான். அவன் பொய் சொல்பவன் அல்லன். ஆனாலும் அந்த 'அது'வுக்குப் பின்னால் இருந்த இடைவெளியில் எங்கள் பழைய வேலியின் ஒரு கதியால் தெரிந்தது.

ஆகவே இவ்வழக்கத்தைப் பற்றி எனக்குள்ள அபிப்பிராயம் இதுதான். எதிரே வரும் வண்டி என்ன வகை என்று பார்த்தபின் அசையும் தலை வணங்கவில்லை. அது தன் சாதியை எண்ணிப் பார்க்கின்றது. பார்க்குமுன்னே அசைவதுதான் வணக்கம். மோட்டார் சைக்கிளில் இது இயல்பாகவே வாய்க்க வேண்டும். இருவரும் எதிரெதிராக விரையும்போது ஆராய்ச்சிக்கு நேரம் ஏது? அந்த இரண்டு வினாடிக்குள்ளும் ஆராய்ந்து முடிவு செய்துவிடுகின்ற மனிதனின் திறமையைக் கண்டுதான் நான் வியக்கின்றேன்.

நம் நாட்டிலே ஏன் இது இல்லை என்று கேட்டால் விடை எளிது என்பார்கள். இங்கே பதிவு பெற்ற வண்டிகளிற் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ எதிர்ப்படும் ஒவ்வொருவனுக்கும் தலையசைப்பதென்றால் கழுத்துச் சுளுக்கிவிடும். உண்மைதான், இலட்சக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள் நெருக்கும் வியத்நாமின் நகரங்களிலே ஒருவனும் ஒருவனுக்குக் கையசைப்பதில்லை. அருமையிலேதான் அன்பு பிறக்கும் போலும். ஆனால் இவ்விடை எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறக்கப்பட்டபின் பூநகரி வழியாக மன்னாருக்குப் பலமுறை போய்வந்திருக்கிறேன். மைல் கணக்கில் உவர்நிலமும் பற்றைக்காடும் காற்றுமே துணையான இடங்கள் அப்பாதையிலே உண்டு. எதிரே தூரத்தில் ஒரு புள்ளியாகத் தோன்றி வளர்ந்து வருகின்ற மோட்டார் சைக்கிள்காரன், கடக்கும்போது நேரே பார்த்துக்கொண்டு போய்விடுகிறான். அங்கே நெருக்கமா தடை? பஸ் சாரதிகள் ஒருவருக்கொருவர் கை உயர்த்துகிறார்கள். முன்னே பொலிசார் நின்றால் முகமறியாத வண்டிக்கும் விளக்கை வெட்டிக் காட்டுகிறோம். பொதுவான பயம் நம்மிடம் இருக்கின்றது. பொதுவான மகிழ்ச்சிக்குத்தான் சைகை இல்லை.

ஒரு காலத்திலே இருந்தது. 1990களில் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத நாட்களில் நம் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. தொடக்கிவைப்பதற்குச் சில துளி பெற்றோல் வேண்டும். அதனைச் சிறு போத்தலில் மருந்துபோல் பொத்திக்கொண்டு திரிவோம். செம்மணி வெளியிலே ஒரு மாலை என் வண்டி நின்றுவிட்டது. போத்தல் வெறுமை. எதிர்த்திசையில் புகையைக் கக்கிக்கொண்டு வந்த ஒருவர் தாமாகவே நின்றார். தம் போத்தலிலிருந்து துளித்துளியாக விட்டு, வண்டி முழங்கியதும் ஏறிப் போய்விட்டார். அந்நாளில் அத்துளிகளின் விலை எனக்குத் தெரியும். அதனினும் எனக்கு வியப்பைத் தந்தது, அவர் என்னைக் கேளாமல் விட்ட கேள்வி. "தம்பி எவடம்?" என்று அவர் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அக்கேள்வி ஊரை அறிவதற்காகக் கேட்கப்படுவதன்று என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

மருமகன் பாரிசுக்குத் திரும்பிய பின்னர், நம் தெருவிலும் இதனைச் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. என்னிடம் இன்னும் பழைய ஹொண்டா தொண்ணூறு ஒன்று இருக்கின்றது. எழுபதைக் கடந்த நானும் அதுவும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு ஓடுகிறோம். மாசி மாதத்து ஒரு காலை, பலாலி வீதியில் எதிரே ஓர் இளைஞன் பல்சரில் வந்தான். பின்னால் பொதிகள் நிறைந்த பெரிய பெட்டி. ஆங்கில முறைப்படி தலையை வலப்புறமாகச் சாய்த்து அசைத்தேன். அவன் கடந்து போய், வண்டியைத் திருப்பி, என்னைத் துரத்தி வந்து மறித்தான்.

"என்ன ஐயா, கூப்பிட்டனீங்களோ? பின் ரயர் காத்துப் போட்டுதோ?"

"இல்லைத் தம்பி. சும்மாதான்."

"சும்மாவோ? என்னைத் தெரியுமோ ஐயாவுக்கு?"

"தெரியாது. தெரியாதபடியால்தான்."

அவன் என் முகத்தை உற்றுப் பார்த்தான். வயது போனவர், வெயில் வேறு என்று நினைத்திருக்கக்கூடும். வண்டியை மரநிழலில் விட்டு, வழக்கத்தை விளக்கிச் சொன்னேன். அமெரிக்கரின் விரல்களைக் கேட்டுத் தலையசைத்தான். ஆங்கிலேயர் கதையில் அவனுக்குச் சுவை தோன்றவில்லை. பிரெஞ்சுக்காரரின் காலுக்கு வந்தபோதுதான் விழுந்து விழுந்து சிரித்தான். "காலையோ ஐயா! இஞ்சை நீட்டினால் அடிதான் விழும்" என்றான். பெட்டியிலே நேரத்துக்குச் சேர்க்க வேண்டிய பொதிகள் பல இருந்தும் கால் மணி நேரம் நின்று கேட்டான். நல்ல பிள்ளை. புறப்படும்போது, "தம்பி எவ..." என்று என் நாக்கு எழும்பியது. எழுபது ஆண்டுப் பழக்கம். விழுங்கிக்கொண்டேன்.

இரண்டு கிழமைக்குப் பின்னர் அதே வீதியில், உரும்பிராய்ச் சந்திக்கு இப்பால், அந்தப் பெட்டியைத் தூரத்திலேயே கண்டுகொண்டேன். அவனும் கண்டிருக்க வேண்டும். அண்மித்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, செருப்பணிந்த தன் வலக்காலை எனக்கு நேரே விறைப்பாக நீட்டினான்.

ஒரு கணம் என் உடம்பு கொதித்தது. காரணம் எல்லாம் தெரிந்திருந்தும் கொதித்தது. நானே சொல்லிக் கொடுத்ததை அவன் செய்கின்றான். என் உள்ளே இருந்து திண்ணையிலிருந்த ஒருவர் எழுந்து நிற்கிறார். அதற்குள் அவன் நெருங்கிவிட்டான். இரண்டு வினாடிதான் இருந்தது. நான் என் வலக்காலைப் பிறேக்கிலிருந்து எடுத்து நீட்டினேன்.

அவன் கூவிக்கொண்டு கடந்து போனான். என் செருப்புக் கழன்று தெருவின் நடுவிலே போய் விழுந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கி, ஒற்றைக் காலில் செருப்பும் மற்றக் காலில் சுடுகின்ற தாருமாக நடந்து போனேன். மரக்கறிக் கடையில் நின்ற பெண்பிள்ளை ஒருத்தி ஓடிவந்து, "என்ன ஐயா, விழுந்திட்டியளோ?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை, செருப்புத்தான் விழுந்தது" என்றேன்.